குணமணி டீச்சர் வண்டியின் கூலன்ட் எங்கே போனது?

போன மாதம் ஒரு நாள் காலையில் ஜெபசிங் போன் செய்தான். நாகர்கோவில் சர்வீஸ் சென்டரில் நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவன் அவன்.

"அண்ணாச்சி, ஒரு கரண்டு கார் வந்திருக்கு. கூலன்ட் கொறையுது, ஒழுக்கு எங்கயும் காணல்ல. டீச்சருக்க வண்டின்னு ஒண்ணு சொல்லுவாவளே, அதுல நீங்க என்ன செஞ்சிய?"

பத்து நிமிடம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எதையெல்லாம் செய்யாமல் விட்டேன் என்பதை விழுங்கிவிட்டது உறைத்தது. அதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழில் கதை பெரிதில்லை. ஐ.டி.ஐ. முடித்துத் தக்கலையில் ஒரு டீசல் ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருடம், பிறகு மஸ்கட்டில் பதினோரு வருடம். அந்த ஊர் வெயிலில் ரேடியேட்டர்களோடு மல்லுக்கட்டி, தாஸ் கையை வைத்துத் தடவினால் ஒழுக்கு எங்கே என்று சொல்லிவிடுவான் என்று ஒரு பெயர் வாங்கினேன். ஊர் திரும்பியதும் நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்தேன். மின்சாரக் கார்கள் எங்கள் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது. ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எஞ்சின் இல்லாத வண்டிக்குக் கூலன்ட் எதற்கு என்று முதல் நாள் வகுப்பில் கேட்டவன் நான்தான். வண்டியின் தரைக்கு அடியில் கிடக்கும் பேட்டரி பேக் ஓடும்போதும் சூடாகும், சார்ஜ் ஏறும்போதும் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகத்தான் கூலன்ட் என்றார்கள். சரி, ரேடியேட்டருக்கு வேறு பெயர், நமக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒர்க்ஸ் மேனேஜராக வந்தவர் ஷீலா மேடம். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாம் வேலை செய்வதைப் பார்த்தபடி நிற்பார். திட்டினால்கூடத் தேவலை போலிருக்கும்.

அவர் வந்த முதல் வாரமே, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கருதியது'. கண்ணால் பார்த்ததையும் கருவி காட்டியதையும் இடப்பக்கம் எழுத வேண்டும். அதற்கு நாம் சொல்லும் காரணம் வலப்பக்கம். "மேடம் பரீட்சை வைக்காவ" என்று நாங்கள் கேலி பேசினோம். அவர் காதிலும் விழுந்திருக்கும். கோட்டை மட்டும் அழிக்க விடவில்லை.

உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் இருக்கும் பக்கம் கை வைக்கும் நாளில் இன்னும் கண்டிப்பு. ரப்பர் கையுறையின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்றுப் படும். பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் பிளக்கை உருவியதும் அது மேடத்தின் மேல்கோட்டுப் பைக்குள் போய்விடும். பத்து நிமிடம் யாரும் தொடக்கூடாது. பிறகு மீட்டர் வைத்து, பூஜ்யம் என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவரும் பார்த்து, "பூஜ்யம்" என்று சொன்ன பிறகுதான் ஸ்பானர் எடுக்கலாம்.

இப்படி இருக்கையில்தான் குணமணி டீச்சர் வந்தார்.

இரணியலில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. கணவர் ஆபிரகாம் சாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். பஸ்ஸில் கூட்டிவர முடியாது, ஆட்டோவில் குலுக்கினால் அவருக்குத் தலை சுற்றும். அதற்காகவே ஓய்வுப் பணத்தில் அந்த மின்சாரக் காரை வாங்கி, தானே ஓட்டினார்.

"சார், கூலன்ட் கம்மின்னு திரையில எழுத்து வருது. நான் பாத்தேன், கொறஞ்சுதான் இருக்கு."

திறந்து பார்த்தேன். கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. டப்பாவின் பக்கத்தில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாளின் ஒரு துண்டு, மேலே டேப் போட்டு, ஒட்டியிருந்தது. "இது என்னது டீச்சர்?" என்றேன்.

"கம்பெனிக்காரன் ரெண்டு கோடுதான் போட்டிருக்கான். அதுக்கு இடையில எவ்வளவுன்னு எப்பிடித் தெரியும்? தெனமும் காலைல பாத்து எழுதி வச்சிருக்கேன்." கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. "வேண்டாம் டீச்சர், எல்லாம் மெஷின் பாத்துக்கிடும்" என்றேன். சொன்ன தொனிகூட இன்னும் நினைவிருக்கிறது. மஸ்கட்டில் பதினோரு வருடம் இருந்தவனின் தொனி.

டப்பாவின் வாயில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, கையால் பம்ப் அடித்துக் காற்றை ஏற்றினேன். எங்காவது ஓட்டை இருந்தால் கேஜின் முள் இறங்கும். இருபது நிமிடம் காத்திருந்தேன். இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் முள் ஒரு மயிரிழை மேலேதான் இருந்தது. வண்டி அப்போதுதான் வெயிலிலிருந்து உள்ளே வந்திருந்தது. சூட்டில் கொஞ்சம் ஏறும் என்று அதை விட்டுவிட்டேன். கார்டின் இடப்பக்கம் 'முள் இறங்கவில்லை' என்றும், வலப்பக்கம் 'மூடி பழுது' என்றும் எழுதினேன். புது மூடி போட்டு, கூலன்ட் நிரப்பி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் திரும்ப வந்தார். இந்த முறை கூலன்டின் நிறமே வெளிறியிருந்தது.

"டீச்சர், இதுக்குள்ள எதாவது விட்டியளா?"

டீச்சர் முகம் வாடியது. "ஞாயித்துக்கெழம கடை இல்ல சார். கொஞ்சம் வெள்ளம் விட்டேன். கொதிக்க வச்சு ஆறின வெள்ளம்தான். பச்ச வெள்ளம் ஒண்ணும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். ஆனால் இந்த வண்டிக்கான கூலன்டில் சாதாரணத் தண்ணீர் சேரக்கூடாது. மின்சாரத்தைக் கடத்தும் குணம் வந்துவிடும். முழுவதையும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்பினேன். ஒழுக்கைக் காட்டும் சாயத்தையும் கலந்தேன். நீல விளக்கை அடித்தால் அது பட்ட இடம் மின்னும். நான்கு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வந்தார். வண்டியின் அடியில் படுத்து, விளக்கடித்து, குழாய் குழாயாகப் பார்த்தேன். டப்பாவில் மிஞ்சியது வெளியேறும் உபரிக் குழாயின் முனையில் மட்டும் லேசாக மின்னியது. நிரப்பும்போது நானே சிந்தியிருப்பேன் என்று துணியால் துடைத்துவிட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சர் போன் செய்தார். சுங்கான்கடை தாண்டியதும் வண்டி வேகம் எடுக்காமல் ஊர்கிறது, ஓரமாக நிறுத்தியிருக்கிறேன், சாரும் உள்ளே இருக்கிறார் என்றார். நான் வேனை எடுத்துக்கொண்டு ஓடினேன். பேட்டரி சூடானதால் வண்டி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. டப்பா காலி. டீச்சர் குடையை விரித்துக் கார் ஜன்னலை மறைத்தபடி ரோட்டோரம் நின்றார். பின் சீட்டில் ஆபிரகாம் சார், கையில் பஞ்சுக் கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. பேச்சு மட்டும் குறையவில்லை.

"வாரும் ஓய் தாசு. இந்த வண்டியும் நானும் நேர் எதிரு பாத்துக்கிடும். எனக்கு ஒடம்புல வெள்ளம் கூடுது, இதுக்குக் கொறையுது. ரெண்டு பேரையும் ஒரு டியூப் போட்டு சேத்துவிட்டா சோலி முடிஞ்சுதே."

நான் சிரிக்க முயன்றேன். முடியவில்லை. அந்த வெயிலில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் நான்.

அவர்களை வேறொரு வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரை ஏற்றிக்கொண்டு வந்தோம். கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு ஷீலா மேடம் போன் செய்தார். வெளியே ஒழுக்கு இல்லையென்றால் பேட்டரி பேக்குக்கு உள்ளேதான் ஒழுகுகிறது, பேக்கை இறக்கி எங்களுக்கு அனுப்புங்கள் என்றார்கள். குறைந்தது இரண்டு மாதம் ஆகுமாம்.

மறுநாள் டீச்சர் வந்தபோது மேடம் அதைச் சொன்னார்.

"ரெண்டு மாசமா? அவருக்குச் செவ்வாய், வியாழன், சனி. அத வச்சு எத்தன தடவன்னு நான் ஒங்களுக்குப் பெருக்கிச் சொல்லணுமா?" டீச்சரின் குரல் உடைந்தது. "கூலன்ட ஊத்தித் தாங்க. ஒரு கேன் கூடவும் தந்துவிடுங்க. நான் பைய ஓட்டிட்டுப் போறேன்."

கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. வாயைத் திறக்கப் போனேன். மேடம் முந்திக்கொண்டார்.

"பேட்டரிக்கு உள்ள கூலன்ட் போயிருந்தா எப்பம் வேணும்னாலும் தீப்பிடிக்கும் டீச்சர். நீங்களும் சாரும் அதுக்கு மேலதான் இருந்து போவிய. உள்ள போகல்லன்னு எனக்குக் கண்ணால காணணும். அதுவரை சாவி தர மாட்டேன்."

டீச்சர் எழுந்துவிட்டார். மேடம் மேசை டிராயரைத் திறந்து வேறொரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது எனக்க வண்டி. பெட்ரோல். கிளட்ச் கொஞ்சம் கடுப்பம்."

"கியர் வண்டி ஓட்டிப் பத்து வருசமாச்சு."

"எனக்க கூட ஒரு ரவுண்டு வாங்க. வந்திரும்."

பக்கத்து மைதானத்தில் இருவரும் முக்கால் மணி நேரம் சுற்றினார்கள். அன்றிலிருந்து மேடம் மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். வடசேரியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டீச்சர் கிளம்பும்போது மேடம் கேட்டார்: "அந்த கிராஃப் தாள் நீங்க ஒட்டினதா? அப்பம் ஒரு நோட்டும் இருக்கணுமே."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நோட்டை எடுத்து மேடத்திடம் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை நாங்கள் மூவரும் அந்த நோட்டோடு உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரியில் சார் படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் எங்களுக்குத்தான் என்று டீச்சர் நேராக வந்துவிட்டார். தேதி, காலை அளவு, ஓடிய தூரம், எங்கே சார்ஜ் போட்டது எனப் பத்தி பிரித்து, கட்டம் போட்ட எழுத்து. வீட்டில் வோல்டேஜ் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி பக்கத்து வேகச் சார்ஜரில்தான் சார்ஜ். அந்த நாட்களின் மறுநாள் காலையெல்லாம் இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நடுவில் ஒன்பது நாள் மட்டும் ஒரே எண்.

"இந்த ஒம்பது நாளும் வண்டி ஓடல்லியா?" என்றேன்.

"ஓடிச்சே. பக்கத்துல தூரம் எழுதியிருக்கேன் பாருங்க. அந்தச் சார்ஜர் ரிப்பேரா கெடந்துது. ராவும் பகலும் வீட்டுலதான் கொஞ்சம் கொஞ்சமா போட்டேன்."

மேடம் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பம் ஓடினா கொறையல்ல. வேகமா சார்ஜ் ஏத்தினாத்தான் கொறையுது. வேகமா ஏத்தும்போது மட்டும் வேலை செய்யுறது எது, மிஸ்டர் தாஸ்?"

"சில்லர்" என்றேன்.

சில்லர் என்பது ஒரு செங்கல்லைவிடச் சின்ன அலுமினியப் பெட்டி. பேட்டரி மிகவும் சூடாகும்போது சாதாரணக் காற்று போதாது. அப்போது ஏ.சி.யின் குளிர்ந்த வாயு அந்தப் பெட்டியின் ஒரு பக்கமும் கூலன்ட் மறுபக்கமும் ஓடும். நடுவில் மெல்லிய தகடு. இரண்டும் உரசிக்கொண்டு போகும், கலக்காது.

"நீங்க முதல் நாள் எழுதினது இங்க இருக்கு." மேடம் பழைய ஜாப் கார்டைத் திருப்பினார். "முள்ளு இறங்கல்லன்னு எழுதியிருக்கிய. சரி. நின்ன இடத்துலயே நின்னுதா?"

"இல்ல மேடம். ஏறிச்சு. ஒரு மயிரிழை. வெயில்னு நெனச்சேன்."

"வெயில் கண்டதா, கருதினதா?"

டீச்சர் முன்னால் கேட்டுவிட்டாரே என்று இருந்தது. ஆனால் அதற்கு வருத்தப்பட நேரமில்லை. இப்போது எங்களுக்குத் தேட ஓர் இடம் கிடைத்துவிட்டது.

முதலில் பேட்டரி. கையுறை, பிளக், பத்து நிமிடம், பூஜ்யம், பூஜ்யம். பேக்கிலிருந்து வண்டியின் உடலுக்கு மின்சாரம் கசிகிறதா என்று அளந்தோம், இல்லை. அது மட்டும் போதாது என்றார் மேடம். பேக்குக்குப் போகும் இரண்டு கூலன்ட் குழாய்களையும் கழற்றி, பேக்கை மட்டும் தனியாக அடைத்து, காற்றை ஏற்றி வைத்தோம். ஒரு மணி நேரம். முள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பேக் நல்லபடி இருக்கிறது. மேடம் தன் கையால் இடப்பக்கத்தில் எழுதினார்.

அடுத்த நாள் காலை, வெயில் ஏறுவதற்குமுன், எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கம்ப்யூட்டர் வழியாக உத்தரவு கொடுத்துச் சில்லரை அரை மணி நேரம் ஓடவிட்டோம். அது நன்றாகக் குளிர்ந்ததும் நிறுத்தி, டப்பாவின் வாயில் டெஸ்டரை மாட்டினேன். வெயில் என்று இந்த முறை யாரும் சொல்லக்கூடாது என்று டப்பாவில் ஒரு வெப்பமானியையும் கட்டினேன். ஐந்து நிமிடம். வெப்பமானி நகரவில்லை. முள் ஏறியது. பத்து நிமிடம். இன்னும் ஏறியது. நாங்கள் யாரும் காற்றடிக்கவில்லை. யாரோ உள்ளேயிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்டரை மெல்லக் கழற்றி, ஏ.சி. வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியின் மூக்கை டப்பாவின் வாயருகே கொண்டுபோனேன். அது 'கீ' என்று கத்தியது.

தகட்டில் ஒரு மயிரிழை விரிசல். குளிர்ந்து சுருங்கும்போது வாய் திறந்து, வாயு கூலன்டுக்குள் புகுந்திருக்கிறது. அழுத்தம் கூடிக் கூடி டப்பாவின் மூடி திறந்து, கூலன்டைத் துளித்துளியாக உபரிக் குழாய் வழியே வெளியே தள்ளியிருக்கிறது. சூட்டில் அது அங்கேயே உலர்ந்துவிடும். நான் துணியால் துடைத்தது அந்தத் தடயத்தைத்தான். ஏ.சி. வாயு குறைந்தது ஏன் தெரியவில்லை என்றால், டயாலிசிஸ் முடிந்து வரும் சாருக்கு உடம்பு நடுங்கும். அந்த வண்டியில் அவர்கள் ஏ.சி. போட்டதே இல்லை.

சென்னையிலிருந்து புதுச் சில்லர் வர நான்கு நாள். பழைய வாயுவைக் கருவியில் இழுத்துச் சேமித்தோம். கூலன்டை வடித்தபோது மேலே ஏ.சி. எண்ணெயின் படலம் மிதந்தது. அது தெளியும்வரை மூன்று முறை கழுவினேன். புதுச் சில்லர், புது ரப்பர் ஓ-ரிங்குகள். குழாய்களில் காற்று நிற்காதபடி வெற்றிடம் உண்டாக்கி அதன் வழியே கூலன்டை உறிஞ்சவைத்து நிரப்பினோம். பம்புகளை ஓடவிட்டு மிச்சக் குமிழிகளையும் வெளியேற்றினோம். வாயுவை எடை போட்டு ஏற்றினோம்.

"முடிஞ்சுதா?" என்று டீச்சர் போனில் கேட்டார்.

"இல்ல டீச்சர். சனிக்கெழம ஒங்க கூட நாங்களும் வாறோம்" என்றார் மேடம்.

சனிக்கிழமை சாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அதே சார்ஜரில் அதே வண்டியை மாட்டினோம். மேடம் அளவைப் பார்த்துச் சொல்ல, டீச்சர் நோட்டில் எழுத, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. மேடம் தேநீர் வாங்கப் போன நேரத்தில் நான் டீச்சரிடம் சொன்னேன்.

"டீச்சர், முதல் நாளே அந்த நோட்ட நான் வாங்கியிருக்கணும். முள்ளு ஏறினதயும் நான் கண்டேன். கண்டத எழுதல்ல. அன்னைக்கு நீங்க ரோட்டுல நின்னது என்னாலதான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்திரண்டு வருசம் பேப்பர் திருத்தியிருக்கேன் சார். செரியான விடைக்கு எத்தன பிள்ளையளுக்குத் தப்பு போட்டிருப்பேனோ. ஒருத்திட்டயும் போயி, தப்பு என்னுதுன்னு நான் சொன்னதில்ல." பிறகு மணியைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம் ஆச்சு. அளவு சொல்லுங்க."

குனிந்து பார்த்துச் சொன்னேன். அதே எண்தான். கடைசிவரை அதே எண்தான்.

வண்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மேடத்தின் பெட்ரோல் காரில் நாங்கள் திரும்பினோம். வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கிளட்ச் நல்லாட்டு ஆயிருக்கு. டீச்சர் எங்கயோ காட்டி சரியாக்கியிருக்காவ."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது டீச்சரின் போன். திரையில் அந்தப் பெயரைக் கண்டதும், கழற்றிய செருப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டேன்.

"என்ன டீச்சர், எங்க நிக்கிய?"

"முட்டத்துல சார். எனக்க வீட்டுக்காரரு கடல் பாக்கணும்னு சொன்னாரு. இந்த வண்டி வாங்கி ஆஸ்பத்திரிக்கல்லாம வேற எங்கயும் போனது இதான் முதல் தடவ." அவர் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தமும், ஆபிரகாம் சார் யாரிடமோ மீன் விலை கேட்கும் சத்தமும் கேட்டன.

"கூலன்ட் எப்பிடி இருக்கு? காலைல அளவு பாத்தியளா?"

"அய்யோ சார்," என்றார் டீச்சர், "பாக்க மறந்தே போச்சு."